புறவாசலில் அறுபது சதுர மீட்டர்

வீட்டுக்குப் பின்னால் கிரானி ஃபிளாட், அதாவது அதே மனையில் ஒரு சின்னத் தனிவீடு, கட்டியிருக்கிறோம் என்றதும், "எவ்வளவு ஆச்சு?" என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். பில்டரின் ஒப்பந்தத்தில் இருந்த தொகை 1,58,000 ஆஸ்திரேலிய டாலர். சாவி கைக்கு வந்து, நடைபாதைக்குக் கல் பதித்து, துணிக்கொடி நட்டு முடித்தபோது 2,22,000 டாலர் கரைந்திருந்தது. இடையிலுள்ள 64,000 டாலரில் பெரும்பகுதியை இன்று யாருக்கும் காட்ட முடியாது. மண்ணுக்கடியில் கிடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கிரானி ஃபிளாட் கட்டலாமா என்று யோசிக்கிறவர்கள், டைல் கடைக்குப் போவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது.

எங்கள் வீடு சிட்னியின் மேற்குப் பக்கம், டூங்காபியில். மூன்று படுக்கையறை கொண்ட பழைய செங்கல் வீடு. அம்மா கோவில்பட்டியிலிருந்து பெற்றோருக்கான தற்காலிக விசாவான 870-ல் வந்த பிறகு ஓர் அறை அவருக்குப் போனது. மகனும் மகளும் ஒரே அறையில். மகன் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் சண்டை தாங்கவில்லை. நாலு படுக்கையறை வீடாகப் பார்த்து மாறிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். 15 லட்சம் டாலர் வீடு என்றால் இங்கே முத்திரைத் தீர்வை மட்டும் 60,000 டாலருக்கு மேல் வருகிறது. இருக்கிற வீட்டை விற்கத் தரகு, சாமான் ஏற்றி இறக்க ஒரு செலவு. அந்தப் பணத்தைப் புறவாசலில் போட்டால் என்ன என்று தோன்றியது அப்போதுதான்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2009-ல் வந்த ஒரு திட்டமிடல் விதி இதற்குக் கதவைத் திறந்துவிட்டது. 2021-லிருந்து அது வேறு பெயரில், புதிய வீட்டுவசதிக் கொள்கைக்குள் இருக்கிறது. சாராம்சம் இதுதான்: மனை குறைந்தது 450 சதுர மீட்டர் இருக்க வேண்டும். முகப்பு அகலம் 12 மீட்டர். கட்டும் வீடு 60 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் சுமார் 645 சதுர அடி. பக்கவாட்டு வேலியிலிருந்து 0.9 மீட்டரும் பின்வேலியிலிருந்து 3 மீட்டரும் விட வேண்டும். இவையெல்லாம் பொருந்தினால் கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. தனியார் சர்டிஃபையர் ஒருவரே 'சிடிசி' என்கிற அனுமதிச் சான்று கொடுத்துவிடலாம். கூடுதல் கார் நிறுத்துமிடமும் கேட்பதில்லை. ஆனால் மனையைப் பிரித்து அந்த வீட்டைத் தனியாக விற்க முடியாது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பு பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

எங்கள் மனை 15.2 மீட்டர் அகலம், 582 சதுர மீட்டர். டேப்பை எடுத்து அளந்து பார்த்ததில் எல்லாமே பொருந்தியது. நானே கட்டி முடித்தது போல மகிழ்ந்தேன். சுவர் இல்லாத தாழ்வாரம் அந்த அறுபதில் சேராது என்று தெரிந்ததும் இன்னும் மகிழ்ச்சி. அம்மாவுக்கு உட்கார ஒரு திண்ணை கிடைத்துவிட்டதே!

மூன்று பில்டர்களிடம் விலை வாங்கினேன். மூன்றும் அழகான வண்ணத்தாளில் வந்தன. குழாய் என்ன மாடல், அடுப்புமேடை என்ன கல், கதவுக் கைப்பிடி என்ன நிறம் என்று பக்கம் பக்கமாக விவரம். 'மனைச் செலவு' என்ற இடத்தில் மட்டும் மூவரும் ஒரே மாதிரி ஒற்றை வரி எழுதியிருந்தார்கள்: உத்தேசத் தொகை 5,000 டாலர், உண்மைச் செலவு பின்னர். அந்த வரியை நான் சரியாகப் படிக்கவில்லை. பெண்டில் ஹில்லில் இரண்டு வருடம் முன்பே கட்டி முடித்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் தாளைக் காட்டினேன். அவர் வண்ணப் பக்கங்களைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, வீட்டைப் பார்க்க முதல் நிலத்துக்குக் கீழ என்ன கிடக்கு எண்டு பாரும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, அடுத்த வாரமே கையெழுத்துப் போட்டேன். 2024 பிப்ரவரி.

ஒரு காரியம் மட்டும் ஒழுங்காகச் செய்தேன். இங்கே முன்பணம் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 20,000 டாலரைத் தாண்டிய வீட்டு வேலைக்குப் பில்டர் உங்கள் பெயரில் காப்பீட்டுச் சான்று எடுத்துக் கையில் கொடுத்த பிறகே ஒரு காசு வாங்கலாம். அந்தச் சான்று வரும்வரை பணம் அனுப்பவில்லை. பில்டர் இரண்டு தடவை போன் செய்து அவசரப்படுத்தினார். அசரவில்லை.

கொட்டகையும் கல்நாரும்

புறவாசலில் ஒரு பழைய கராஜ் நின்றது, ஆறுக்கு மூன்று மீட்டர். எங்களுக்கு முன் இருந்தவர் கார் போகும் வழியிலேயே ஓர் அறையை நீட்டிக் கட்டிவிட்டதால், கார் போக முடியாத கராஜ். நான் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தியலால் தட்டி இறக்கிவிடலாம் என்பது என் திட்டம். சுவர் முழுக்க ஃபைப்ரோ என்கிற சிமென்ட் தகடு. அந்தக் காலத்து ஃபைப்ரோவில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஆஸ்திரேலியா அதை முழுசாகத் தடை செய்தது 2003 கடைசியில்தான். 10 சதுர மீட்டர் வரை வீட்டுக்காரரே கவனமாகக் கழற்றலாம், அதற்கு மேல் உரிமம் உள்ளவர் வர வேண்டும். எங்கள் கராஜ் சுவரே 40 சதுர மீட்டருக்குப் பக்கம். வெள்ளை உடை, முகமூடி, தகடுகளை நனைத்து நனைத்துக் கழற்றல், இரட்டைப் பிளாஸ்டிக் சுற்றல் என்று ஒரு நாள் வேலை. 5,400 டாலர். பிள்ளைகளை அன்றைக்கு மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

சீவர் குழாய்

இதுதான் பெரிய கதை. சிட்னியில் பெரும்பாலான பழைய பேட்டைகளில் கழிவுநீர்ப் பொதுக் குழாய் தெருவில் போகாது, வீடுகளின் புறவாசல் வழியாகவே போகும். எங்கள் மனையிலும் ஒன்று போகிறது. வேலிக்கு இணையாகப் போயிருந்தால் பரவாயில்லை. இடப்பக்கத்து வீட்டிலிருந்து நுழைந்து, கோணலாக மனையைக் கடந்து, வலப்பக்கப் பின்மூலை வழியாக வெளியேறுகிறது. சுட்ட களிமண் குழாய், 1.6 மீட்டர் ஆழம். நாங்கள் வரைந்திருந்த வீட்டுக்கு நேர் அடியில்.

குழாய் சிட்னியின் தண்ணீர், கழிவுநீர் நிறுவனமான சிட்னி வாட்டருக்குச் சொந்தம். அதன் மேலோ பக்கத்திலோ கட்டுவதென்றால் அவர்களிடம் கட்டட வரைபட ஒப்புதல் வேண்டும். காரணம் எளிது. வீட்டின் பாரம் மண் வழியாகச் சாய்வாகக் கீழே இறங்கும். குழாய் அந்தச் சாய்வுக்குள் மாட்டினால் நசுங்கும். நாளைக்குக் குழாய் உடைந்து அவர்கள் தோண்டினாலும் வீடு சரியக் கூடாது. ஆகவே முதலில் குழாய் எங்கே எத்தனை ஆழத்தில் என்று ஆள் வந்து குறியிட்டார். உள்ளே கேமரா விட்டு, விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு வீட்டுக்கு அடியில் வரும் நீளத்துக்குக் குழாயைச் சுற்றிலும் கான்கிரீட் உறை போட வேண்டும் என்று முடிவானது. தவிர, வீட்டின் அஸ்திவாரத் தூண்கள் குழாய் மட்டத்துக்கும் கீழே இறங்கி நிற்க வேண்டும்.

முதல் கணக்கில் உறையின் நீளம் 11 மீட்டர். நாலு நாள் தூங்கவில்லை. அப்புறம் வரைபடத்தின் மேல் ஒரு ட்ரேசிங் தாளை வைத்து, வீட்டை மட்டும் வெட்டியெடுத்த அட்டைத் துண்டை அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தேன். பில்டரின் வரைபடக்காரர் வீட்டைப் பின்வேலியிலிருந்து சரியாக 3 மீட்டரில் ஒட்டி வைத்திருந்தார், எல்லாருக்கும் அப்படித்தான் வைப்பாராம். இரண்டு மீட்டர் முன்னால் இழுத்தால் கோணலாகப் போகும் குழாய் வீட்டின் ஒரு மூலையை மட்டுமே வெட்டுகிறது. 11 மீட்டர் 7 மீட்டராகக் குறைந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள முற்றம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் பின்னால் அம்மாவுக்கு ஐந்து மீட்டர் தோட்டம் கிடைத்தது. அந்த அட்டைத் துண்டு எனக்கு ஐந்தாறாயிரம் டாலர் மிச்சப்படுத்தியிருக்கும். அப்படியும் சிட்னி வாட்டரிடம் ஒப்புதல் வாங்கித் தரும் ஒருங்கிணைப்பாளரின் கட்டணம், தோண்டல், உறை எல்லாம் சேர்த்து 13,800 டாலர்.

அம்மாவிடம் சொன்னபோது மனதுக்குள் ரூபாயாக மாற்றினார். "என்னய்யா இது, கக்கூஸ் கொழாய்க்குச் சட்டை தைக்க ஏழரை லட்சமா?"

மண்

மண் பரிசோதனையில் 'எச்1' வகுப்பு என்று வந்தது. மேற்கு சிட்னியில் பெரும்பாலும் களிமண். ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். எச்1 என்றால் பருவத்துக்குப் பருவம் தரை மட்டம் 40 முதல் 60 மில்லிமீட்டர் வரை ஏறி இறங்கலாம் என்று அர்த்தம். எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. கரிசலில் பிறந்தவன். சித்திரையில் காடு வாய் பிளந்து, கால் விரல் போகும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அப்பா கொத்தனார், கரிசலில் அஸ்திவாரம் தோண்டினால் கெட்டித் தரை தட்டும்வரை நிறுத்த மாட்டார். இங்கேயும் அதே வேலை, இயந்திரம்தான் வேறு. கான்கிரீட் தூண்களும், ஸ்லாப் என்கிற கான்கிரீட் தளத்துக்குக் கூடுதல் கம்பியும் 7,200 டாலர். பில்டர் விலை கொடுத்தபோது மண்ணைச் சாதாரண 'எம்' வகுப்பு என்று வைத்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே மண் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தால் சில நூறு டாலரில் இது தெரிந்திருக்கும்.

ஸ்லாப் ஊற்றுவதற்கு முந்தைய நாள் மாலை. ஜூன் மாதம், ஐந்தரைக்கே இருட்டு. டார்ச், ரசமட்டம், நூல்கண்டு எடுத்துக்கொண்டு பலகையடைப்புக்குள் இறங்கினேன். வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிகள் வரிசையாக, மேலே கம்பி வலை. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் குளியலறையில் படியோ விளிம்போ இருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். அதற்குக் குளியலறைத் தளம் மற்ற இடத்தைவிட 50 மில்லிமீட்டர் தாழ இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து டைல் ஒட்டினாலும், கடைசியில் வாசல் மட்டத்தோடு சரியாக வரும். நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். குளியலறை, கூடம், எல்லாம் ஒரே மட்டம்.

முதலில் என் நூல்தான் தொய்ந்திருக்கிறது என்று நினைத்தேன். மூன்று தடவை பார்த்தேன். அப்புறம் மேற்பார்வையாளருக்குப் போன். வரைபடத்தில் தாழ்வு இருக்கிறது, பலகை அடித்தவர் பழைய பிரதியை வைத்து அடித்துவிட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கான்கிரீட் லாரி வர வேண்டியது. நிறுத்தினார்கள். நாலு நாள் தாமதம், பம்புக்கான ரத்துக் கட்டணம் அவர்கள் கணக்கில். ஊற்றியிருந்தால் ஒன்று கான்கிரீட்டை வெட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அம்மா காலமெல்லாம் ஒரு படி ஏறிக் குளித்திருக்க வேண்டும்.

1.1 மீட்டர் சந்து

வீட்டுக்கும் பக்கத்து வேலிக்கும் நடுவில் 1.1 மீட்டர் இடைவெளி. புறவாசலுக்குப் போக அது ஒன்றுதான் வழி. பெரிய இயந்திரம் எதுவும் நுழையாது. குட்டி எக்ஸ்கவேட்டர் சிராய்ப்பு விழுந்தபடி நுழைந்தது. தோண்டிய மண்ணைச் சின்ன வண்டியில் நடை நடையாக முன்வாசலுக்குக் கொண்டுவந்து தொட்டியில் கொட்ட வேண்டும். கான்கிரீட்டுக்குப் பம்பு. சந்துக்கு மட்டும் 4,900 டாலர். சந்து மூன்று மீட்டர் அகலமாக இருக்கும் மனைக்காரருக்கு இந்தச் செலவு இருக்காது. விலை ஒப்பிடும்போது இதையும் பார்க்க வேண்டும். பக்கத்துத் தெருக்காரர் கட்டிய விலைக்கு நமக்கும் கட்டித் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

மழைநீர் இன்னொன்று. எங்கள் மனை பின்பக்கம் சரிகிறது, மழைநீர் போக வேண்டியதோ முன்னால் தெருவுக்கு. பின்வீட்டு வழியாக விட உரிமைப் பாதை கிடையாது. அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. கூரைத் தண்ணீரை மட்டும் மூடிய குழாயில் இறக்கி, பூமிக்கடியில் தெருவரைக்கும் கொண்டுபோவார்கள். குழாய் எப்போதும் நிறைந்து நிற்கும். கூரைக் கால்வாய் தெரு மட்டத்தைவிட உயரத்தில் இருப்பதால், மேலே தண்ணீர் விழ விழ அந்த அழுத்தத்திலேயே மறுமுனையில் வழியும். டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பாரே கொத்தனார், அதே விதிதான். மூட்டுகள் ஒன்றுகூட ஒழுகக் கூடாது, அவ்வளவுதான். 35 மீட்டருக்கு மேல் குழாய், நடுவில் 2,000 லிட்டர் மழைத் தொட்டி, எல்லாம் சேர்த்து 8,400.

மின்சாரத்துக்குப் பழைய ஸ்விட்ச்போர்டை மாற்ற வேண்டியிருந்தது. அங்கிருந்து பூமிக்கடியில் கேபிள். 6,300. அதே பள்ளத்தில் ஒரு வெற்றுக் குழாயும் போடச் சொல்லி, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வைத்தேன். நாளைக்கு இணையக் கம்பியோ வேறெதுவோ இழுக்க வேண்டுமென்றால் மறுபடி தோண்ட வேண்டாம். இந்த மொத்த வேலையிலும் நாற்பது டாலருக்கு நான் வாங்கிய மிக நல்ல சாமான் அந்தக் குழாய்தான்.

மேலே எழுந்தது

மண்ணுக்கு மேலான வேலை பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரச்சட்டம் நாலு நாளில் நின்றது. கலர்பாண்ட் தகட்டுக் கூரை, வெளிச்சுவருக்குச் சிமென்ட் பலகை. ஜூலையில் வெறும் எலும்புக்கூடு, செப்டம்பரில் வீடு. உட்சுவருக்கு ஜிப்ராக் என்கிற ஜிப்சம் பலகை ஒட்டுவதற்கு முந்தைய சனிக்கிழமை நான் செய்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். குளியலறையிலும் கழிப்பறையிலும் கைப்பிடிக் கம்பி வரப்போகும் இடங்களில் சட்டங்களுக்கு நடுவே 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் அடிக்கச் சொல்லியிருந்தேன். அது சரியாக இருக்கிறதா பார்த்துவிட்டு, ஒவ்வொரு சுவரிலும் டேப்பை நீட்டிப் பிடித்துப் போட்டோ எடுத்தேன். எந்தச் சுவருக்குள் எந்த உயரத்தில் குழாய், கம்பி, பலகை என்று எல்லாம் பதிவில் இருக்கிறது. பள்ளங்களை மூடுவதற்கு முன்னும் அப்படியே.

பெயின்டும் தரையும் என் பங்கு. இரண்டையும் ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தேன். பெயின்டருக்கு 6,500, தரைக்காரருக்கு 4,200 என்று விலை வந்திருந்தது. சாமான் மட்டும் எனக்கு ஆனது 3,900. ஆக மிச்சம் 6,800 டாலர். அதற்கு விலை ஒன்பது நாள் விடுப்பு, மூன்று வார இறுதிகள், ஒரு தோள்பட்டை வலி.

பெயின்டில் கற்றது: புது ஜிப்ராக்குக்கு முதலில் சீலர் அடிக்காமல் விட்டால் மூட்டுப் பூச்சு ஒரு மாதிரி உறிஞ்சும், காகிதம் வேறு மாதிரி உறிஞ்சும், கடைசியில் சுவரில் பட்டை பட்டையாகத் தெரியும். அடிக்கும் முன் இருட்டில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத மேடெல்லாம் மலைத்தொடர் மாதிரி தெரியும். பென்சிலால் வட்டமிட்டுத் தேய்த்தேன். கூரையை முதலில் முடித்துவிட்டுத்தான் சுவர். காற்று வறண்டு அடித்த ஒரு மதியம் கூடத்தின் நீளச் சுவரைப் பாதியில் விட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து அடித்த இடத்தில் ரோலர் தடம் விழுந்தது, மூன்றாவது கோட் அடித்தும் போகவில்லை. அங்கேதான் இப்போது அம்மாவின் நாள்காட்டி தொங்குகிறது.

தரைக்கு ஒன்றோடொன்று கிளிக் ஆகும் ஹைப்ரிட் பலகை. தளத்தில் இரண்டு இடத்தில் பள்ளம், தானே மட்டமாகும் கலவை ஊற்றிச் சரிசெய்தேன். பிறகு ஆர்வக்கோளாறில் பின்சுவரை ஒட்டி முதல் வரிசையை ஆரம்பித்தேன். நாலாவது வரிசை முடிந்தபோது பலகைகளுக்கு நடுவே முடி நுழையும் இடைவெளி. ஐந்தாவதில் பிளேடு நுழைந்தது. அளந்து பார்த்தால் அந்தச் சுவரே ஆறு மீட்டரில் 9 மில்லிமீட்டர் வளைவு. கொத்தனார் மகன், நூல் பிடிக்காமல் வேலை தொடங்கினால் இப்படித்தான். எல்லாவற்றையும் கழற்றி, கூடத்தின் குறுக்கே நூல் பிடித்துக் கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். சுவரின் வளைவை ஸ்கர்ட்டிங் பலகை மறைத்துவிட்டது. சுவரோரம் 8 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும், வெயிலில் பலகை விரியும். அந்த அளவுக்கு மரத்துண்டுகள் நறுக்கிச் செருகி வைத்தால் வேலை சுலபம்.

நவம்பரில் குடியேறும் சான்று வந்தது.

கணக்கு

ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன், எல்லாம் வரி உட்பட, டாலரில்.

பில்டர் ஒப்பந்தம் 1,58,000
கல்நார்க் கொட்டகை 5,400
சர்வே, மண் பரிசோதனை, சான்றுகள், கவுன்சில் பங்களிப்பு 6,900
சீவர் குழாய் 13,800
தூண்கள், கூடுதல் கம்பி 7,200
மழைநீர் 8,400
மின்சாரம் 6,300
சந்து, மண் அள்ளல், பம்பு 4,900
படியில்லாக் குளியலறை, ப்ளைவுட், வெளிக் குழாய், புகைபோக்கி 2,350
பெயின்ட், தரை 3,900
நடைபாதை, வேலி, துணிக்கொடி, தோட்டம் 4,850

மொத்தம் 2,22,000. சதுர மீட்டருக்கு 3,700. இதில் புகைபோக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. பில்டர் வைக்கும் சாதாரண ரேஞ்ச்ஹுட் புகையை வடிகட்டி மறுபடி சமையலறைக்குள்ளேயே விடும். வற்றல் மிளகாய் தாளிக்கும் வீட்டில் அது எந்தக் காலத்துக்கும் போதாது. கூரை வழியாக வெளியே குழாய் விடச் சொல்லுங்கள்.

மதிப்பு எவ்வளவு? கடனை வேறு வங்கிக்கு மாற்றும் சாக்கில் மதிப்பீட்டாளர் வந்தார். கட்டுவதற்கு முன் வீட்டுக்கு 13,10,000 என்று போட்டிருந்தார்கள். இப்போது 14,25,000. ஆக, 2,22,000 போட்ட இடத்தில் 1,15,000 ஏறியிருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் அதே மாதிரி வீடு என்ன விலைக்கு விற்றது என்று பார்த்துத்தான் அவர்கள் எழுதுவார்கள். என் குழாய்க்குப் போட்ட சட்டைக்கு அங்கே விலை இல்லை. தனியாகப் பிரித்து விற்க முடியாத வீடு என்பதும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளைகள் ஓடி விளையாடப் புல்தரை தேடி வருகிறவர்களுக்கு இது குறையாகவே தெரியும். கட்டியதுமே விற்று லாபம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

வாடகைக் கணக்கு வேறு. ஏஜெண்ட் ஒருவர் பார்த்துவிட்டு வாரம் 520 கிடைக்கும் என்றார். வருடத்துக்கு 27,040. போட்ட பணத்தில் 12 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலி வாரங்கள், காப்பீடு, பராமரிப்பு, வருமான வரி எல்லாம் அதிலிருந்து போகும். வாடகைக்கு விட்டால் கடன் வட்டியையும், கட்டுமானச் செலவில் வருடம் 2.5 சதவீதத்தையும் வரிக் கணக்கில் கழிக்கலாம். பதிலுக்கு, வீட்டை விற்கும்போது அந்தப் பகுதிக்கு மூலதன ஆதாய வரி வந்து நிற்கும். பெற்றோர் தங்கள் பணத்தைப் போட்டுக் கட்டுவதாக இருந்தால், 2021 ஜூலைக்குப் பிறகு எழுத்து மூலமான ஒப்பந்தத்துக்கு அந்த வரியில் தனிச் சலுகை உண்டு. வாய்ப்பேச்சுக்குக் கிடையாது. அண்ணன் தம்பி உள்ள வீடுகளில் வரியை விட்டாலும் அந்தத் தாள் அவசியம்.

எனக்கு இப்போது வாடகை இல்லை. 1,80,000 கடனுக்கு 6.2 சதவீத வட்டி வாரத்துக்குச் சுமார் 215 டாலர். மகனுக்குத் தனி அறை, அம்மாவுக்குத் தனி அடுப்படி, எனக்கும் மனைவிக்கும் இரவு பத்து மணிக்குத் தொலைக்காட்சி. முத்திரைத் தீர்வை கட்டி வேறு வீட்டுக்குப் போயிருந்தால் ஆகியிருக்கும் செலவோடு வைத்துப் பார்க்கும்போது நான் நஷ்டப்படவில்லை என்றே நினைக்கிறேன். 870 விசாவில் மொத்தமாகப் பத்து வருடத்துக்கு மேல் இருக்க முடியாது என்பதும் தெரியும். வாடகைக் கணக்கை மடித்து வைத்திருப்பது அதனால்தான்.

அம்மாவிடம் மொத்தத் தொகையை ரொம்ப நாள் சொல்லவில்லை. தீபாவளிக்கு வந்த மாமா உளறிவிட்டார். ஒன்றேகால் கோடிக்குக் கொஞ்சம் குறைவு என்று அம்மாவே ரூபாய்க் கணக்குப் போட்டுக்கொண்டார். "இம்புட்டு ரூவாய்க்கு நம்மூர்ல தெருவே கட்டலாமேய்யா" என்றார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

சின்ன வேலைகள் இன்னும் இருக்கின்றன. வெந்நீர் ஹீட் பம்பை அம்மாவின் படுக்கையறைச் சன்னலுக்கு நேர் வெளியே வைத்துவிட்டார்கள், இரவெல்லாம் உறுமியது. இடம் மாற்ற 900 டாலர் கேட்டார்கள். டைமரைப் பகல் பதினொரு மணிக்கு மாற்றினேன், கூரையில் சூரிய மின்சாரம் வரும் நேரம். சத்தம் நின்றது.

பள்ளங்களை மூடும் முன் எடுத்த போட்டோக்களை வைத்து, எந்தக் குழாய் வேலியிலிருந்து எத்தனை மீட்டர், எத்தனை ஆழம் என்று ஒரு தாளில் வரைந்து, லேமினேட் செய்து மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். போன வாரம் அம்மா தொட்டியில் இருந்த கறிவேப்பிலையைத் தரைக்கு மாற்றுகிறேன் என்று மண்வெட்டியோடு இறங்கிவிட்டார். நான் பார்க்கும்போது முழங்கை ஆழம் குழி. தாளை எடுத்து வந்து அளந்தேன். மழைநீர்க் குழாய்க்கு 30 சென்டிமீட்டர் தள்ளி. கறிவேப்பிலை இப்போது எதிர்ப்பக்க வேலியோரம் நிற்கிறது.